ஏழாம் தடத்தில் அழிந்த சரணம்

நான் ஒலிப்பதிவு படித்த காலத்தில் முதல் வகுப்பிலேயே ஒரு பட்டியல் தருவார்கள். பயப்பட வேண்டியவை: ஈரம், தூசி, காந்தம், மின்தடை, குடித்துவிட்டு வரும் கிதார்காரர். அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வேலையை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவன். குறிப்பாக, நான்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் கணினியில் வேலை செய்கிறீர்கள். எதை அழித்தாலும் இரண்டு விசையை அழுத்தினால் திரும்பி வந்து நிற்கிறது. நல்லது, எனக்குப் பொறாமை மட்டும்தான், புகார் இல்லை. ஆனால் நான் சொல்லப்போகும் தவறைச் செய்ய நாடா தேவையில்லை. ஒரு பேனா போதும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில், பேரூர்க்கடை போகும் வழியில் இருந்த ஒரு தனியார் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் தலைமைப் பொறியாளன். தலைமை என்றவுடன் எனக்குக் கீழே பலர் இருந்ததாக நினைக்க வேண்டாம். முதலாளி மஸ்கட்டில் இருந்தார். இங்கே அவருடைய இடத்தில் மேனேஜர் பிள்ளை சார். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்டாக ஓய்வுபெற்றவர். பாட்டு கேட்பதில் அவருக்கு ஆர்வமில்லை, பாட்டைப் பற்றிய காகிதங்களில் மிகுந்த ஆர்வம். மைக்கை அலமாரியிலிருந்து எடுக்க ஒரு படிவம், திருப்பி வைக்க ஒரு படிவம், இரண்டுக்கும் நடுவில் மைக் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு படிவம். கேலி செய்யலாம்தான். ஆனால் அவற்றில் பாதியை எழுதிக்கொடுத்தவனே நான் என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

அவற்றுள் மிக முக்கியமானது நகல் பதிவேடு. அன்றன்று பதிவான நாடாவை இன்னொரு நாடாவில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கூடத்தைப் பூட்ட வேண்டும். எடுத்ததற்கு அடையாளமாகப் பொறியாளர் கையெழுத்து. சனிக்கிழமை பிள்ளை சார் பதிவேட்டைப் பார்ப்பார், ஒரு நாள் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் மெமோ. நகல் எடுக்காததற்கு மெமோ வந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் நான் திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். நகலையும் எடுப்பேன். சில சமயம் அன்றே, சில சமயம் மறுநாள். நான்கு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத நான்கு வருஷத்தைப் போல ஆபத்தான தகுதிச் சான்றிதழ் இந்தத் தொழிலில் வேறில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எங்களிடம் பாட வந்தவள் ரோஸ்லின். வயது இருபத்தாறு. அப்பா மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்தார். இவள் கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ கற்று, அதே பள்ளியில் மியூசிக் டீச்சர் ஆனவள். சொந்தமாகத் தமிழில் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, பியானோ வாசித்துக்கொண்டே பாடுவாள். அந்தக் குரலை எனக்கு வர்ணிக்கத் தெரியாது. பாடுகிறாள் என்று தோன்றாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்வதுபோல இருக்கும்.

ஒரு கல்லூரி விழாவில் அதைக் கேட்ட பெரிய இசைக் கம்பெனி ஒன்று அவளோடு ஒப்பந்தம் போட்டது. எட்டுப் பாட்டு, ஒரு ஆல்பம். சினிமாவில் பாடாத ஒரு சமையல்காரர் மகளின் படம் பெரிய கம்பெனியின் முத்திரையோடு கடைக் கண்ணாடியில் வரும் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. பள்ளியில் லீவு கேட்டாள், தரவில்லை. வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் எட்டுப் பாட்டின் மூல நாடாக்களும் குறையில்லாமல் கம்பெனியின் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆல்பத்தைக் கைவிட அவர்களுக்கு உரிமை உண்டு. இது ஒப்பந்தத்தின் பதினோராம் ஷரத்து. அவள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நான் படித்திருந்தேன்.

ஏழு பாட்டு முடிந்தபோது அவள் குரல் உடைய ஆரம்பித்தது. தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி என்றார். அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது, மேல் சுருதியில் கத்தினால் ரத்தம் கசியலாம். ஆபரேஷனுக்குப் பிறகு பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு, வரலாம் என்றாராம். அந்த ஒரு சொல்லை அவள் எங்களிடம் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். எட்டாம் பாட்டு பாக்கி இருந்தது. டாக்டரிடம் வாதாடி, செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை என்று அனுமதி வாங்கி வந்தாள்.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். எங்கள் நாடாவில் இருபத்துநான்கு தடங்கள். ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு தடத்தில் தனியாக ஓடும். ஒரு தடத்தில் புதிதாகப் பதிந்தால் அங்கே முன்பு இருந்தது போய்விடும். முதலில் பியானோவை மட்டும் பதிவு செய்து, பிறகு அதைக் காதில் கேட்டுக்கொண்டு பாட வைப்பது என் முறை. ஏழு பாட்டும் அப்படித்தான் செய்தோம். குரல் பதினாறாம் தடத்தில், பாஸ் கிதார் ஏழாம் தடத்தில். எந்தத் தடத்தில் எது என்ற அந்த ஒழுங்கையும் ஏற்படுத்தியவன் நானே. எட்டாம் பாட்டுக்கு அவள் மறுத்தாள்.

“சார், ஒரு தடவதான் பாடலாம்னா நான் வாசிச்சுக்கிட்டேதான் பாடுவேன். தனியா நின்னு பாடினா எனக்கே பொய் மாதிரி கேக்கும்.”

“பியானோ மைக்குல உன் குரலும் சேர்ந்து விழும்மா. அப்புறம் பிரிக்க முடியாது.”

“பிரிக்கணும்னு யாரு சொன்னா?”

சரியென்றேன். பியானோவுக்கு மூன்றிலிருந்து ஆறு வரை நான்கு தடம் ஒதுக்கி, அடுத்ததாகக் கைக்கு வந்த ஏழில் குரலைப் போட்டேன். எந்தத் தடத்தில் எது என்று நாடாவோடு வைக்கும் தாளில் தெளிவாக எழுதியும் வைத்தேன்.

ஆளில்லாத தன் பழைய வீட்டுக்கு ஒரு பெண் டெலிபோன் செய்கிறாள், மணி அடிப்பதைக் கேட்பதற்காக மட்டும். அதுதான் பாட்டு. இரண்டாம் சரணத்தில் மெட்டு மேலே ஏறும். உச்சியில் ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தி, அப்படியே விட்டுவிடுவாள். காலை பதினொரு மணிக்குப் பாடினாள். முடிந்ததும் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் “இனி இதுதான் என் வாய்” என்று எழுதிக் காட்டிவிட்டு அப்பாவோடு ஆட்டோவில் போனாள்.

மூன்று மணிக்கு மழையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஐந்து. நகல் எடுத்திருக்கலாம். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், இந்த நாடா எங்கே ஓடிவிடப் போகிறது என்று வீட்டுக்குப் போக வலியசாலை பஸ்ஸைப் பிடித்தேன். பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் கையெழுத்து முந்தின நாளே போய் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை பாஸ் கிதார். ரெஜி என்ற பையன்தான் எல்லா ஆல்பங்களுக்கும் வாசிப்பவன். காலையிலிருந்து ஏழு பாட்டையும் வாசித்து முடித்தான். ஏழும் ஏழாம் தடத்தில். பிற்பகல் எட்டாம் நாடாவை ஏற்றினேன். அந்தப் பாட்டில் பாஸ் இரண்டாம் சரணத்தில் மட்டும்தான். கிதார் சுத்தமாகக் கேட்கட்டும் என்று என் பக்கத்து ஒலிபெருக்கியில் நாடாவின் ஒலியை மொத்தமாகக் குறைத்துவைத்தேன். எழுதிய தாள் மேஜைமேல் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்குத்தான் தெரியுமே. ஏழாம் தடத்தின் பொத்தானைப் போட்டு, பதிவுக்கான சிவப்பை அழுத்தினேன். அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. நன்றாகவே வாசித்தான்.

ரெஜி ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

“சாரே, அடிபொளி அல்லே? ஆனா சரணத்துல சேச்சியோட பாட்டை எதுக்குக் கட் பண்ணினீங்க? நான் மனசுல எண்ணிக்கிட்டே வாசிச்சேன்.”

பயம் வயிற்றில் வரும் என்பார்கள். எனக்கு விரல்களில் வந்தது. நாடாவைப் பின்னால் ஓட்ட வேண்டும், எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. இருபது வருஷமாக அழுத்திய பொத்தான். ரெஜியை டீ குடித்து வரச் சொன்னேன். அவன் கதவைச் சாத்தும்வரை காத்திருந்தேன், அவன் முன்னால் அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. பிறகு ஓட்டினேன். முதல் சரணம், அவள் குரல். பல்லவி, அவள் குரல். அடுத்து ரெஜியின் பாஸ் கிதார். குரல் இருந்த இடம் முழுவதிலும், சுத்தமாக, நல்ல அளவில், என்னுடைய வழக்கமான தரத்தில்.

அலமாரியைத் திறந்து நகல் நாடாவைத் தேடினேன். இல்லையென்று தெரிந்தும் தேடினேன். அதன் பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். செவ்வாய், நகல் எடுக்கப்பட்டது, என் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்த எவரும் இப்படிப்பட்டவர் தவறு செய்ய மாட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

பிள்ளை சார் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சொன்னேன்.

“சுவாமி, ஒப்பு இருக்கல்லோ?” கையெழுத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

“ஒப்பு இருக்கு சார். நகல் இல்லை.”

“ஒப்பு இருந்தா நகல் இருக்கணும்.”

“இருக்கணும்.”

“பின்னே எங்கே?”

ஒப்பு முதலில் வந்துவிட்டது, நகல் வரவில்லை என்று விளக்கினேன். தன் சர்வீஸில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிற மனிதர், பதிவேட்டை மூடிவைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து கரண்ட் போச்சு. ஊருக்கே தெரியும். கரண்ட் போயி, டேப் கேடாயி. ரெண்டு வரி எழுது. மேலே நான் ஒரு கவரிங் லெட்டர் வச்சுத் தரேன். ஆரும் கேக்க மாட்டா.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். எழுதாததற்குக் காரணம் என் நேர்மை என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் காரணம் பன்னிரண்டாம் ஷரத்து. நாடாவில் பழுது என்று ஒரு வரி காகிதத்தில் ஏறினால், அதே பெட்டியில் வந்த எல்லா நாடாவையும் கம்பெனி நிராகரிக்கலாம். எட்டுப் பாட்டும் ஒரே பெட்டி நாடா. என் பொய் என்னைக் காப்பாற்றும், அவளுடைய ஆல்பத்தைக் கொன்றுவிடும்.

“அப்போ ஒண்ணும் எழுதண்டா. ஆருகிட்டயும் மிண்டாதே” என்று வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு எழுந்து போனார்.

அதுவும் முடியாது. வெள்ளிக்கிழமை கம்பெனியின் ஆள் வந்து எட்டாம் பாட்டைப் போட்டுக் கேட்பார். வியாழக்கிழமை காலை ரோஸ்லின் வருவாள். ஆபரேஷனுக்கு முன்னால் பாட்டை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவளே நேரம் குறித்திருந்தாள்.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது என் வேலையைப் பற்றியது. சொல்லாமல் விட்டால் அவள் பாட்டை அவளிடமே மறைத்தவன் ஆவேன். சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பியானோ முன்னால் போய் உட்கார்ந்து “இப்போ எடுங்க” என்பாள். அந்த உச்சியில் இன்னொரு தடவை ஏறுவாள். ஏறும்போது என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தாலும் அவள் தொண்டை, திறக்காவிட்டாலும் அவள் பாட்டு. நம்முடைய கையேடுகளில் எதிலும் இதற்கு அத்தியாயம் கிடையாது. நான் தேடியிருக்கிறேன்.

நீங்களும் ஒரு நாள் எதையாவது அழிப்பீர்கள். அன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். போனது எது என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, என்ன மிச்சம் இருக்கிறது என்று முழுவதும் கேளுங்கள். மன்னிப்புக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. நான் பாஸ் கிதாரை மூடிவிட்டு, பியானோவின் நான்கு தடங்களை மட்டும் திறந்தேன். பிரிக்க முடியாது என்று நானே பயமுறுத்திய அந்தக் குரல் அங்கே இருந்தது. பியானோவின் கம்பிகளுக்குள் விழுந்து, அறையின் மறுகோடியில் யாரோ பாடுவதுபோல. கட்டைகள் அடிக்கும் சத்தம் சில சொற்களை மறைத்தது. உச்சிச் சொல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே தெரிந்தது, தூரத்தில். முதல் சரணத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டாம் சரணத்தில் எழுந்து போய்விட்டாள். மாலை வரை அதைச் சரிசெய்து பார்த்தேன். கிட்டே வரவில்லை. கிடைத்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை நான் செய்த முதல் காரியம் பியானோ மூடியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. சாவிக்கும் ஒரு பதிவேடு உண்டு. எழுதவில்லை.

ரோஸ்லின் குடையை வாசலில் விரித்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து, முந்தின நாளே எழுதி வைத்திருந்த பக்கத்தைக் காட்டினாள். “கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் போகிறேன். லைட்டைக் குறையுங்கள்.”

“ஒண்ணு சொல்லணும்மா. சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காதே.”

சொன்னேன். தவறான தடம், நகல் எடுக்காதது, எடுத்ததாகப் போட்ட கையெழுத்து, எல்லாம். கோபப்படுகிற மனிதர்களை எனக்குத் தெரியும். கத்துவார்கள், நாமும் ஏதாவது சொல்லலாம். இவளால் கத்த முடியாது. பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், எழுதினாள். ஒருவர் எழுதி முடித்து நோட்டைத் திருப்பிக் காட்டும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளமான நேரம் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

“எங்கிருந்து எங்கே வரை?”

“ரெண்டாம் சரணம் முழுசும்.”

“மேல போற இடமும்?”

“அதும்தான்.”

நோட்டை மூடினாள். பிறகு எழுந்து உள்ளே போய், பியானோ முன்னால் உட்கார்ந்து மூடியைத் தூக்கினாள். வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. வெளியே வந்து, நின்றபடியே எழுதினாள். எழுத்து பெரிதாக இருந்தது.

“மைக் போடுங்கள்.”

“போட மாட்டேன்.”

“தொண்டை என்னுடையது.”

“ஆமா.”

“பாட்டும் என்னுடையது. ரெண்டுல எதை விடறதுன்னு நீங்க எப்படி சார் முடிவு பண்ணலாம்?”

நோட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எழுதியது நூற்றுக்கு நூறு சரி. ஒரு தவறு செய்தவன் அதைக் காரணம் காட்டி அடுத்தவருடைய முடிவையும் தானே எடுத்துக்கொள்கிறான். நான் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இதைத் திறந்து மைக் போட பத்து நிமிஷம் ஆகும். நீ போடச் சொன்னா போடறேன். அதுக்கு முன்னாடி இருக்கிறதை ஒரு தடவை கேளு. அவ்வளவுதான் கேக்கறேன்.”

உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. பாட்டை ஓட்டினேன். இரண்டாம் சரணம் வந்தபோது அவள் தலை கொஞ்சம் முன்னால் நகர்ந்தது, தூரத்துக் குரலைப் பிடிக்க முயல்வதுபோல. அவள் உதடுகள் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தன, சத்தமில்லாமல். உச்சி வந்தபோது அவள் வாய் திறந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே அந்தச் சொல் முடியும்வரை இருந்தது.

பாட்டு முடிந்து நாடா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. அவள் எழுதினாள்.

“நாளைக்கு இதையே கொடுங்கள். ஆபரேஷன் முடிஞ்சு வந்து அந்தச் சரணத்தைப் பாடறேன். அப்போ நீங்கதான் மைக் போடணும். வேற ஆள் வேண்டாம்.”

கடைசி வரியை ஏன் எழுதினாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் போன பிறகு பதிவேட்டில் என் கையெழுத்தின்மேல் கோடிட்டு, “நகல் எடுக்கவில்லை. பொறியாளரின் தவறால் குரல் அழிந்தது” என்று எழுதினேன். எட்டு நாடாக்களுக்கும் நகல் எடுத்தேன். ஒவ்வொன்றாக, பக்கத்திலேயே உட்கார்ந்து.

வெள்ளிக்கிழமை வந்தவர் பிரகாஷ், கம்பெனியின் சென்னை அலுவலகத்துத் தயாரிப்பு அதிகாரி. சொன்னதும் அவர் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்ததுதான்.

“இவ்வளவு சீனியர் நீங்க. ஒரு காப்பி எடுக்கலையா?”

“எடுக்கலை.”

“டேப்ல எதாவது டிஃபெக்டா?”

பிள்ளை சார் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேப் நல்லா இருக்கு. நான்தான் டிஃபெக்ட்.”

பிரகாஷ் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவளாகவே வந்து உட்கார்ந்திருந்த ரோஸ்லின் நோட்டை நீட்டினாள். எட்டாம் பாட்டு இப்படியே போகட்டும், எட்டு வாரத்துக்குள் ஒரு சரணத்தை மட்டும் மறுபடி பாடித் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தாள். அவர் சென்னைக்கு ஃபோன் செய்தார். அரை மணி நேரம். அவள் அந்த அரை மணியும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஃபோனை வைத்துவிட்டு வந்து, “எட்டு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது” என்றார். நாடாக்களை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. நன்றாக நடந்ததாக அவள் அப்பா ஹோட்டலிலிருந்து ஃபோன் செய்தார்.

ஆறாவது வாரம் வந்தாள். கம்பெனி எட்டாம் நாடாவைத் திருப்பி அனுப்பியிருந்தது. நான் முந்தின நாளே எல்லாவற்றையும் அதே இடத்தில் வைத்திருந்தேன். மைக்கின் உயரம், பியானோ மூடியின் சாய்வு, எல்லாம். எந்தத் தடம் என்று தாளைப் பார்த்து, சத்தமாகச் சொல்லி, மறுபடி பார்த்தேன். அவள் உள்ளேயிருந்து, “சார், ரெடி” என்றாள். அந்த இரண்டு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குரல் கனத்திருந்தது. கெட்ட குரல் இல்லை, வேறு ஒருவருடைய குரல்.

முதல் வரி பாடினாள். இரண்டாம் வரி. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறினாள், பாதியில் காற்று மட்டும் வந்தது. நிறுத்தினாள். மறுபடி. மறுபடி காற்று. மூன்றாவது தடவை அந்த இடம் வருவதற்கு முன்பே கைகள் கட்டைகளின்மேல் நின்றுவிட்டன. நான் நாடாவை நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மைக்கைத் தள்ளிவைத்தாள். நான் உள்ளே போனேன்.

“கொஞ்ச நாள் போனா வரும்னு டாக்டர் சொல்றார்” என்றாள்.

“வரும்மா.”

“நீங்க பொய் சொல்றப்ப நல்லாவே தெரியுது சார்.” பியானோ மூடியைச் சத்தமில்லாமல் மூடினாள். “அந்தத் தூரத்துக் குரலே இருக்கட்டும். அதுதான் நான். இது ஒட்டாது.”

ஆல்பம் அப்படியேதான் வெளிவந்தது. சுமாராக விற்றது. ஒரு பத்திரிகையில் எட்டாம் பாட்டைப் பற்றி, இரண்டாம் சரணத்தில் குரலைத் தொலைவுக்குக் கொண்டுபோன ஒலிப்பதிவாளரின் கற்பனையைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பிள்ளை சார் அதைக் கத்தரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நான் கிழித்தேன், அவர் இன்னொரு பிரதி வாங்கி ஒட்டினார். பழைய குரல் வரவே இல்லை. ரோஸ்லின் வேறொரு பள்ளியில் சேர்ந்தாள், பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். அந்தக் குரலில் அவள் பாடிப் பதிவானதெல்லாம் அந்த எட்டுப் பாட்டுத்தான். அன்று வியாழக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு மைக் போட்டிருந்தால் அந்தச் சரணம் கிடைத்திருக்குமா, அல்லது அதையும் இழந்து தொண்டையையும் இழந்திருப்பாளா? ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தக் குரல் வரப்போவதில்லை என்று தெரிந்திருந்தால் அவள் சாவியை எடுத்திருப்பாள் என்று சில நாள் தோன்றும். மற்ற நாட்களில் அதைப்பற்றி நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன்.

பதிவேட்டில் நான் கோடிட்டு எழுதியதற்கு விசாரணை முடிந்து உத்தரவு வர நான்கு மாதம் ஆனது. முன்கூட்டியே கையெழுத்திட்டதற்காகக் கண்டனம். குரலை அழித்ததற்கு ஒன்றுமில்லை, அதற்கு விதி இல்லை. கீழே ஒரு கட்டத்தில் நஷ்டம் என்று தலைப்பிட்டு, “இல்லை. நாடா மீண்டும் உபயோகிக்கத் தக்கது” என்று பிள்ளை சார் டைப் செய்திருந்தார். பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்திட வேண்டும்.

படித்தேன். “இல்லை” என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் “எட்டாம் பாட்டு, இரண்டாம் சரணம், குரல்” என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அப்படி ஒரு பொருள் நமது இருப்புப் பட்டியலில் இல்லை, திருத்தி அனுப்பவும் என்று மறுநாள் திரும்பி வந்தது. நான் திருத்தவில்லை. ஓய்வுபெறும்வரை அந்தக் கோப்பு முடிக்கப்படாமலே இருந்தது.